பழைய சொகுசுக் காரின் காற்றுப்பைகள்

காரைச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால் அதன் பிரேக்கின் நிலை தெரிந்துவிடும். முகப்பு விளக்கையும் கண்ணாடித் துடைப்பானையும் குளிர்சாதனத்தையும் இயக்கிப் பார்த்து அறியலாம். ஆனால் ஸ்டீயரிங்கின் நடுவிலும் டேஷ்போர்டின் உள்ளும் இருக்கைகளின் ஓரத்திலும் மடிந்து கிடக்கும் காற்றுப்பைகளை, அதாவது பேச்சு வழக்கில் ஏர்பேக் எனப்படுவனவற்றை, அவ்வாறு அறிந்துகொள்ள வழியில்லை. ஒரே ஒருமுறை விரிவதற்காகவே அவை செய்யப்படுகின்றன. விரிந்த பை மீண்டும் பயன்படாது என்பதால், அது வேலை செய்யுமா என்ற கேள்விக்குச் சோதனையின் வழியே விடை காண இயலாமல், அந்த அமைப்பு தன்னைத்தானே பரிசோதித்துச் சொல்லும் செய்தியை நம்பியே ஓட்டுநர் பயணம் செய்கிறார். பழைய சொகுசுக் கார்களில் இவ்வமைப்பு பழுதாகும் விதங்களை ஆராய்ந்தால், பை கிழிந்தோ நைந்தோ கெடுவது அரிது என்பதும், அதனை நோக்கிச் செல்லும் கம்பியிலும் இணைப்பிலும் உணரியிலும் தோன்றும் சிறு கோளாறுகளே மிகுதி என்பதும் விளங்கும். அவற்றையெல்லாம்விடக் கொடியது, கோளாறை அறிவிக்கும் எச்சரிக்கை விளக்கை வேண்டுமென்றே எரியவிடாமல் செய்வது.

இது பெருநகரங்களுக்கு மட்டும் உரிய சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. புதிதாக வாங்கும்போது அரைக் கோடி ரூபாயைத் தாண்டும் ஜெர்மானியச் சொகுசுக் கார்கள் எட்டு, பத்து ஆண்டுகளில் ஒரு புதிய சிறிய காரின் விலைக்கு இறங்கிவிடுவதால், சென்னையிலும் பெங்களூரிலும் புதுச்சேரியிலும் ஓடியவை இரண்டாம், மூன்றாம் கைகளுக்கு மாறி உள்மாவட்டங்களுக்கு வந்து சேர்கின்றன. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் வழியே செல்லும் சேலம்–உளுந்தூர்ப்பேட்டை தேசிய நெடுஞ்சாலை இவ்விடத்தில் கருதத்தக்கது. நான்குவழிச் சாலையாக அமைக்கப்பட்ட அதில், ஊர்களைச் சுற்றிச் செல்லும் புறவழிப் பகுதிகள் மட்டும் நெடுங்காலம் இருவழியாகவே விடப்பட்டிருந்தன. அகன்ற பாதையில் விரைந்து வந்த வாகனங்கள் கள்ளக்குறிச்சி, சின்னசேலம் போன்ற ஊர்களின் அருகில் திடீரென ஒடுங்கிய பாதையில் எதிர்வரும் வாகனங்களைச் சந்திக்க நேர்ந்ததால், நேருக்கு நேர் மோதும் விபத்துகளுக்கு அப்பகுதிகள் இலக்காயின. முன்பக்கக் காற்றுப்பை எந்த வகை மோதலுக்காக உருவாக்கப்பட்டதோ அதே வகை மோதல் அது. மேற்கே வெள்ளிமலையை நோக்கிக் கல்வராயன் மலை ஏறும் சாலைகளின் வளைவுகள் வேறொரு வகையில் இவ்வமைப்பைத் தேய்க்கின்றன என்பது ஸ்டீயரிங்கின் உள்ளுறுப்பைப் பற்றிப் பேசும்போது தெளிவாகும்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. அது எதிரே உள்ள ஒன்றில் மோதி நிற்கத் தொடங்கும்போது, உள்ளே இருப்பவரின் உடல் முன்னைய வேகத்திலேயே முன்னோக்கிச் செல்கிறது. மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையே உள்ள இடைவெளி சில பத்து சென்டிமீட்டர்தான் என்பதால், மோதலை உணர்வதும் முடிவெடுப்பதும் பையை நிரப்புவதும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். காரின் முன்பகுதியிலும் பக்கவாட்டிலும் பொருத்தப்பட்ட முடுக்க உணரிகள், அதாவது வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதை அளக்கும் சிறு மின்னணு உறுப்புகள், தம் அளவீடுகளைக் கியர் தண்டுக்கு அருகே தரையோடு இறுக்கப்பட்டிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கு இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. பள்ளத்தில் இறங்கிய அதிர்வா, அசையாத சுவரில் மணிக்கு 15 முதல் 25 கி.மீ. வேகத்தில் மோதுவதற்கு இணையான அடியா என்பதைப் பிரித்தறியும் அக்கருவி, மோதல் தொடங்கிய சுமார் 15 முதல் 30 மில்லி விநாடிகளுக்குள் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. மில்லி விநாடி என்பது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த மின்னோட்டம் தீமூட்டி எனப்படும் நுண்ணிய கம்பியைச் சூடாக்கி அதைச் சுற்றியுள்ள வெடிமருந்தைப் பற்றவைக்க, அது உலோகக் கலனுக்குள் உள்ள வேதிவில்லைகளை எரித்து வாயுவாக மாற்றுகிறது. தொடக்க காலத்தில் சோடியம் அசைடு என்ற உப்பே இதற்குப் பயன்பட்டது. வெப்பத்தால் அது சிதைந்து நைட்ரஜன் வாயுவை வெளியிடும். பின்னர் நச்சு குறைந்த வேறு சேர்மங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. நைலான் துணியாலான ஓட்டுநர் பை சுமார் 60 லிட்டர் வாயுவால் நிரம்பிய மறுகணமே, பின்புறத் துளைகளின் வழியே காற்றை வெளியேற்றித் தளரத் தொடங்குவதால், தலையும் மார்பும் இறுகிய பொருளொன்றில் மோதாமல் தணிந்துகொண்டே போகும் மெத்தையில் அமிழ்கின்றன.

காற்றுப்பைக்கான தொடக்கக் காப்புரிமைகளுள் ஒன்றை அமெரிக்காவின் ஜான் ஹெட்ரிக் 1953இல் பெற்றார் என்றாலும், மோதலை நம்பகமாக உணரும் கருவி இல்லாததால் அது நடைமுறைக்கு வர நெடுங்காலம் பிடித்தது. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் எஸ் வரிசைக் காரில் 1981இல் இடம்பெற்றபோது, சீட் பெல்ட்டை மோதலின் கணத்தில் பின்னிழுத்து இறுக்கும் கருவியோடு சேர்த்தே அது அறிமுகமானது. அந்தச் சேர்க்கைக்குக் காரணம் உண்டு. காற்றுப்பை, பெல்ட்டுக்குத் துணையாக மட்டுமே வடிவமைக்கப்பட்டது. பெல்ட் உடலை இருக்கையோடு பிடித்துவைத்திருந்தால்தான் விரியும் பைக்கும் முகத்துக்கும் இடையே தேவையான தொலைவு கிடைக்கும். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தில் நேர்ந்த விபத்தில், உயர்தரச் சொகுசுக் காரின் பின்னிருக்கையில் பெல்ட் அணியாமல் இருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் உடன் இருந்தவரும் உயிரிழக்க, முன்னிருக்கையில் இருந்த இருவரும் பலத்த காயங்களுடன் உயிர் பிழைத்தனர். தமிழ்நாட்டில் 2025இல் திருப்போரூர் அருகே, முன்னிருக்கையில் தந்தையின் மடியில் அமர்ந்திருந்த ஏழு வயதுச் சிறுவன் காற்றுப்பை விரிந்த விபத்தில் உயிரிழந்தான். பழுதில்லாத பையே, தவறான இடத்தில் இருக்கும் சிறிய உடலுக்கு இத்தகைய அடியைத் தர வல்லது. மணிக்கு 200 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் வெளிவரும் ஒரு பொருளின் பாதையில் குழந்தையை அமர்த்தக் கூடாது என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இனி, அமைப்பு தன்னைத்தானே பரிசோதிக்கும் முறையைப் பார்க்க வேண்டும். பழுதுகள் அனைத்தும் இதன் வழியாகவே வெளிப்படுகின்றன. ஒவ்வொரு தீமூட்டியும் ஏறத்தாழ 2 ஓம் மின்தடை கொண்டது. மின்தடை என்பது மின்னோட்டத்துக்கு ஒரு பாதை காட்டும் எதிர்ப்பு. ஓம் அதன் அலகு. சாவியைத் திருப்பிய உடனும், வண்டி ஓடும்போதும், கட்டுப்பாட்டுக் கருவி தீமூட்டியைப் பற்றவைக்கப் போதாத மிக மெல்லிய மின்னோட்டத்தை ஒவ்வொரு சுற்றிலும் செலுத்தி அந்த மின்தடையை அளக்கிறது. அளவு எல்லைக்குள் இருந்தால், சாவி திருப்பியபோது எரிந்த காற்றுப்பை விளக்கு சில விநாடிகளில் அணைகிறது. கம்பி அறுந்து மின்தடை மிகுந்தாலோ, கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு அது குறைந்தாலோ, விளக்கு அணையாமல் நிற்கிறது. விளக்கு எரிந்துகொண்டிருக்கும் நிலையில் பல கார்கள் பழுதுள்ள சுற்றையோ முழு அமைப்பையோ செயலிழக்கச் செய்துவிடுகின்றன. பழைய சிறிய காரில் இரண்டு பைகளும் இரண்டு பெல்ட் இறுக்கிகளும் இருக்கும் இடத்தில், சொகுசுக் காரில் முன்பைகள், பக்கப்பைகள், கூரையோரத்திலிருந்து இறங்கும் திரைப்பைகள், முழங்காற்பை என்று எண்ணிக்கை கூடுவதோடு, முன்பைகள் பலவற்றுக்கு மெதுவான மோதலுக்கு ஒன்றும் கடுமையான மோதலுக்கு மற்றொன்றுமாக இரண்டு தீமூட்டிகள் உண்டு. பாதுகாப்பு கூடக் கூட இணைப்புகளும் கூடுகின்றன. இணைப்புகள் கூடும்போது, காலப்போக்கில் தளரக்கூடிய இடங்களும் கூடுகின்றன.

அவ்விடங்களுள் முதன்மையானது, மெக்கானிக்குகள் கிளாக் ஸ்பிரிங் என்று அழைக்கும் சுருள் பட்டை. சுழலும் ஸ்டீயரிங்குக்கும் சுழலாத தண்டுறைக்கும் இடையே மின்சாரத்தைக் கொண்டுசெல்ல வேண்டியிருப்பதால், தட்டையான பல இழைக் கம்பியைத் துணிக்கடையின் நாடாவைப் போலச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருப்பார்கள். ஸ்டீயரிங் ஒருபுறம் திரும்பும்போது சுருள் இறுகும், மறுபுறம் திரும்பும்போது தளரும். ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைக்கு இரண்டரை முதல் மூன்று சுற்றுகள் வரை திரும்பும் ஸ்டீயரிங்கோடு பத்து ஆண்டுகளாக வளைந்து நெளிந்த பட்டையில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றுவதும், மலைச்சாலைகளிலும் குறுகிய தெருக்களிலும் மிகுதியாக ஓடிய வண்டிகளில் அது முந்துவதும் இயல்பே. ஹாரனும் ஸ்டீயரிங் மேல் உள்ள பொத்தான்களும் இதே பட்டையின் வழியாகவே இயங்குவதால், ஹாரன் சில கோணங்களில் மட்டும் ஒலிக்கத் தவறுவதும் அதே வேளையில் காற்றுப்பை விளக்கு மினுக்குவதும் இப்பழுதின் தெளிவான அறிகுறிகள். ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டும்போது சுருளை நடுநிலையில் நிறுத்தாமல் பொருத்திவிட்டால், முதல் முழுத்திருப்பத்திலேயே பட்டை அறுந்துபோகும். 2017 அக்டோபரில் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் உலகெங்கும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்ததும் இதனோடு தொடர்புடையதே: சுருள் பட்டை அறுந்த நிலையில், ஸ்டீயரிங் உறுப்புகள் போதிய அளவு தரையிணைப்புப் பெறாதிருந்தால், உடலில் தேங்கும் நிலைமின்சாரமே தீமூட்டியைத் தூண்டி ஓட்டுநர் பையைத் தேவையின்றி விரியச் செய்யக்கூடும் என்பது கண்டறியப்பட்டது.

அடுத்த இடம் முன்னிருக்கைகளின் அடிப்பகுதி. பக்கப்பைக்கும் பெல்ட் இறுக்கிக்கும் செல்லும் கம்பிகள் அங்கே இணைகின்றன. காற்றுப்பை அமைப்புக்கு உரியவை என்று காட்டுவதற்காக அவற்றின் இணைப்பிகள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மோட்டாரால் முன்னும் பின்னும் மேலும் கீழும் நகரும் சொகுசு இருக்கை, தன் ஒவ்வோர் அசைவிலும் அக்கம்பிக் கற்றையை இழுக்கிறது. பின்னிருக்கையில் அமர்ந்தவரின் காலணியோ உருண்டுவந்த தண்ணீர்ப் பாட்டிலோ சுத்தம் செய்பவரின் குழாயோ அதன் மேல் முட்டுகிறது. இணைப்பி கழன்றுவிடாவிட்டாலும், உள்ளே உள்ள உலோக ஊசிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உராய்ந்துகொண்டே இருக்க, உராய்ந்த இடத்தில் ஆக்சைடு படலம் படிந்து மின்தடை சிறிது சிறிதாக ஏறுகிறது. 2 ஓம் அளவுள்ள சுற்றில் ஓர் ஓம்கூடப் பெரிய மாற்றம் என்பதால், வேறு எந்தக் கம்பியிலும் யாரும் பொருட்படுத்தாத இந்தப் படலம் காற்றுப்பைச் சுற்றில் விளக்கை எரியச் செய்துவிடுகிறது. இருக்கையை நகர்த்தினால் விளக்கு அணைவதும் மறுநாள் மீண்டும் எரிவதும் இதன் விளைவு. சாவி திருப்பிய நிலையில் அந்த இணைப்பியைக் கழற்றினாலே கட்டுப்பாட்டுக் கருவி பழுதைத் தன் நினைவகத்தில் எழுதிக்கொள்ளும். மீண்டும் மாட்டினாலும் உரிய ஸ்கேனரைக் கொண்டு அழிக்கும்வரை பல கார்களில் விளக்கு அணையாது.

இருக்கையின் மெத்தைக்குள் ஒருவர் அமர்ந்திருக்கிறாரா என்பதை அழுத்தத்தால் அறியும் மெல்லிய உணரி விரிப்பு ஒன்று உண்டு. பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் பழைய 3 வரிசை, 5 வரிசைக் கார்களில் இது விரிசலுற்றுக் கெடுவது உலகெங்கும் அறியப்பட்ட குறை. இருக்கையின் மேல் முழங்காலை ஊன்றிப் பொருளை எடுப்பது, கூர்மையான பையை வைப்பது ஆகியவை அதை விரைவுபடுத்துகின்றன. பெல்ட் பூட்டினுள் தூசியும் சிந்திய பானமும் புகுந்து அங்குள்ள மின்சொடுக்கியைக் குழப்புவது, நாட்கணக்கில் நிறுத்தப்பட்ட வண்டியின் பேட்டரி வலுவிழந்து மின்னழுத்தக் குறைவைப் பழுதாகப் பதிவது, வயலோரம் நிற்கும் கார்களில் எலி கம்பியைக் கடிப்பது ஆகியன எளிதில் கண்டறிந்து எளிதில் தீர்க்கத்தக்கவை.

தண்ணீரால் வரும் கேடு அவ்வளவு எளிதில் தீர்வதன்று. கட்டுப்பாட்டுக் கருவி காரின் தரைமட்டத்தில் இருப்பதால், இருக்கையின் பாதி உயரத்துக்கு நீர் ஏறினாலே அது மூழ்கிவிடும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகிச் சென்னை மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும், ஆயிரக்கணக்கான கார்கள் அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்களிலேயே நீரில் நின்றன. அவற்றுள் காப்பீட்டு நிறுவனங்கள் முழு இழப்பாகக் கணக்கிட்டு ஏலத்தில் விட்ட வண்டிகள் பழுது நீக்கப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வந்தன. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணை பெருகி விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்களில் நீர் புகுந்ததால், இத்தகைய வண்டிகள் தொலைவிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. கம்பளத்தைக் கழற்றி உலர்த்தி, மெத்தையை மாற்றி, நறுமணம் தெளித்துவிட்டால் வெளித்தோற்றத்தில் எதுவும் தெரியாது. ஆனால் சேற்றுநீரில் கரைந்திருந்த உப்புகள் மின்சுற்றுப் பலகையின் மேலும் இணைப்பி ஊசிகளின் மேலும் தங்கி, காற்றின் ஈரத்தை ஈர்த்து, மாதக்கணக்கில் உலோகத்தை அரிக்கின்றன. நீரில் மூழ்காத கருவிகளுக்கே ஈரம் எவ்வளவு தீங்கு செய்யும் என்பதற்கு 2016இல் வெளிவந்த ஒரு செய்தி சான்றாகும்: கான்டினென்டல் நிறுவனம் 2006 முதல் 2010 வரை தயாரித்த காற்றுப்பைக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் உள்ள மின்னணு உறுப்பு அரிப்புக்குள்ளாகி, பை விரியத் தவறவோ காரணமின்றி விரியவோ கூடும் என்று தெரியவந்து, சுமார் 50 லட்சம் வாகனங்கள் அக்குறைக்கு ஆட்பட்டிருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. அவற்றுள் ஹோண்டா கார்களோடு மெர்சிடிஸ் பென்ஸ் கார்களும் இருந்தன.

இதுவரை கூறியவை பை விரியாமற்போகும் பழுதுகள், அல்லது வேளையற்ற வேளையில் விரியும் பழுதுகள். விரிய வேண்டிய நேரத்தில் விரிந்தே ஆளைக் கொல்லும் பழுது ஒன்றும் உண்டு. வாகன வரலாற்றின் மிகப் பெரிய திரும்ப அழைப்புக்கு அதுவே காரணமானது. ஜப்பானின் தகாட்டா நிறுவனம் தன் வாயுக் கலன்களில் அம்மோனியம் நைட்ரேட்டை எரிபொருளாகப் பயன்படுத்தியது. விலை குறைந்ததும் எரியும்போது மிகுந்த வாயுவைத் தருவதுமான அந்த உப்புக்கு இரண்டு குறைகள் இருந்தன: அது ஈரத்தை எளிதில் உறிஞ்சும், சுமார் 32 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் அதன் படிக அமைப்பு மாறி அதற்கேற்பப் பருமனும் மாறும். பொட்டாசியம் உப்பைச் சேர்த்து அம்மாற்றத்தை அடக்க முயன்றபோதிலும், பகலில் சூடேறி இரவில் குளிரும் சுழற்சி ஈரத்தோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் தொடரும்போது, இறுக்கமாக அழுத்தப்பட்டிருந்த வில்லை நுண்துளைகள் நிறைந்ததாக மாறுகிறது. துளைகள் கூடினால் எரியும் பரப்பு கூடும். பரப்பு கூடினால் எரியும் வேகம் கூடும். கலனால் தாங்க முடியாத அழுத்தம் எழுந்து, உலோக உறையே சிதறி, துணியைக் கிழித்துக்கொண்டு ஓட்டுநரின் கழுத்தையும் முகத்தையும் தாக்கும். அமெரிக்காவில் மட்டும் இவ்வாறு இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உலக அளவில் ஏறத்தாழ 10 கோடி கலன்கள் திரும்ப அழைக்கப்பட்டன. தகாட்டா 2017 ஜூனில் திவாலானது. அமெரிக்காவுக்கு வெளியே முதலில் அறியப்பட்ட மரணம் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் 2014 ஜூலையில் நேர்ந்தது. இறந்தவர் கருவுற்றிருந்த பெண். இந்தியாவில் ஹோண்டா நிறுவனம் 2017 ஜனவரியில் 41,580 கார்களை இதே காரணத்துக்காகத் திரும்ப அழைத்தது. பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி ஆகியவையும் தகாட்டா கலன்களைப் பயன்படுத்திய நிறுவனங்களே என்பதால், சொகுசு முத்திரை இக்கேட்டிலிருந்து எவரையும் காக்கவில்லை.

இந்தப் பழுதின் அச்சமூட்டும் இயல்பை அழுத்திச் சொல்ல வேண்டும். வில்லை சீர்கெட்டிருந்தாலும் தீமூட்டியின் மின்தடை மாறுவதில்லை. ஆகவே சுயபரிசோதனை அதைக் காணாது, விளக்கும் எரியாது. வெப்பமும் ஈரமும் மிக்க பகுதிகளில் பழைய கலன்கள் விரைவில் கெடுகின்றன என்று அமெரிக்க அரசு தன் நாட்டை மண்டலங்களாகப் பிரித்து, ஃபுளோரிடாவையும் வளைகுடாக் கரையோரத்தையும் முதல் மண்டலத்தில் வைத்து அங்கேயே மாற்றும் பணியை முதலில் முடுக்கிவிட்டது. சோழமண்டலக் கரையின் தட்பவெப்பத்தில் பதினைந்து ஆண்டுகள் வெயிலில் நின்ற காருக்கு அதே அளவுகோல் பொருந்தும் என்று கருதுவதே அறிவுடைமை. அத்தகைய கலனைக் கண்டறிய ஒரே வழி, காரின் பதினேழு இலக்க அடையாள எண்ணைக் கொண்டு உற்பத்தி நிறுவனத்திடம் அது திரும்ப அழைக்கப்பட்டதா என்றும், அழைக்கப்பட்டிருந்தால் கலன் மாற்றப்பட்டதா என்றும் கேட்டறிவதுதான். ஆனால் அடையாள எண்ணும்கூட ஏமாற்றக்கூடும். 2024 ஜூலையில் பி.எம்.டபிள்யூ நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 3.9 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தபோது சொன்ன காரணம், 2006 முதல் 2012 வரையிலான 3 வரிசைக் கார்களின் உரிமையாளர்கள் தாமாகவே பந்தயத் தோற்றமுள்ள ஸ்டீயரிங்குகளை வாங்கி மாட்டியிருக்கலாம், அவற்றுள் தகாட்டா கலன் இருக்கலாம் என்பதே. அழகுக்காகப் பழைய உதிரிபாகச் சந்தையில் வாங்கி மாட்டப்பட்ட ஸ்டீயரிங், காரின் ஆவணங்கள் எவற்றிலும் இடம்பெறாது.

மனிதர்கள் தெரிந்தே செய்யும் கேட்டுக்கு இங்கிருந்து ஒரு படிதான். விபத்தில் பைகள் விரிந்துவிட்ட சொகுசுக் காரில் பைகள், பெல்ட் இறுக்கிகள், கட்டுப்பாட்டுக் கருவி, டேஷ்போர்டு ஆகியவற்றை முறைப்படி மாற்றினால் ஆகும் செலவு, சில வேளைகளில் காரின் அப்போதைய விலையையே நெருங்கிவிடுகிறது. அதனால், பையில்லாத வெற்று மூடியை ஸ்டீயரிங்கில் ஒட்டி, தீமூட்டி இருக்க வேண்டிய இடத்தில் 2 ஓம் அளவுள்ள மின்தடையை இணைத்துவிடும் வழக்கம் பல நாடுகளிலும் உண்டு. அங்கே பையே இல்லாவிட்டாலும் கட்டுப்பாட்டுக் கருவி எதிர்பார்த்த அளவை அளந்து நிறைவடைகிறது. விளக்கு முறைப்படி எரிந்து முறைப்படி அணைகிறது. வேறு சிலர் விளக்கையே கழற்றிவிடுவர், அல்லது இயந்திர எண்ணெய்க்கான எச்சரிக்கை விளக்கு அணையும்போது இதுவும் அணையுமாறு கம்பியை மாற்றிக் கட்டுவர். மோதல் விவரத்தைத் தன்னுள் பதிந்து பூட்டிக்கொண்ட கருவியின் நினைவகத்தை அழித்து மீண்டும் பொருத்துவதும் நடக்கிறது. மலிவான போலிக் கலன்களால் வரும் கேடு இவற்றினும் பெரிது: 2024 ஜூலையில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு முகமை விடுத்த எச்சரிக்கை, முந்தைய ஒன்பது மாதங்களில் இத்தகைய மாற்றுக் கலன்கள் சிதறியதால் மூவர் இறந்ததையும் இருவர் உருக்குலையும் அளவுக்குக் காயமுற்றதையும் குறிப்பிட்டது. அக்கார்கள் முன்பே விபத்துக்குள்ளாகிப் பழுது நீக்கப்பட்டு விற்கப்பட்டவை. வாங்குபவரின் உயிரைப் பணயம் வைத்து ஈட்டும் இந்த இலாபத்தை வணிகத் தந்திரம் என்று மென்மையாகச் சொல்வது பொருந்தாது, அது குற்றம்.

இத்தனைக்கும் நடுவே வாங்குபவர் முற்றிலும் கையற்றவர் அல்லர். சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு தனியே எரிந்து தனியே அணைகிறதா என்று பார்ப்பது முதற்படி. தொடக்கத்தில் எரியவே இல்லையென்றால், அது எரிந்துகொண்டே இருப்பதைவிட ஐயத்துக்குரியது. சிறுநகரப் பட்டறைகளில் உள்ள பொதுவான ஸ்கேனர்கள் பெரும்பாலும் இயந்திரப் பழுதுகளை மட்டுமே படிக்கும் என்பதால், அந்தந்த நிறுவனத்தின் காற்றுப்பைக் கருவியோடு பேசத் தெரிந்த ஸ்கேனரைக் கொண்டு, பழுதுக் குறிகளோடு ஒவ்வொரு சுற்றின் மின்தடை அளவையும் படித்துப் பார்க்க வேண்டும். உண்மையான தீமூட்டிகளின் அளவுகள் ஒன்றுக்கொன்று சிறிதேனும் மாறுபடும். பல சுற்றுகள் ஒரே எண்ணைக் காட்டினால் மூடியைக் கழற்றிப் பார்ப்பது அவசியமாகிறது. பெல்ட்டை முழுமையாக இழுத்து அதன் அடிப்பகுதியில் உருகிய தடமோ சுருக்கமோ இருக்கிறதா என்று காண்பது, பெல்ட்டில் தைக்கப்பட்ட உற்பத்தி ஆண்டைக் காரின் ஆண்டோடு ஒப்பிடுவது, கம்பளத்தின் அடியில் கட்டுப்பாட்டுக் கருவியைச் சுற்றிச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது ஆகியவை எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடியவை. பழுது நீக்குபவர் காக்க வேண்டிய ஒழுங்கும் உண்டு: பேட்டரியைக் கழற்றிய பின்னரும் கட்டுப்பாட்டுக் கருவியின் மின்தேக்கிகள், அதாவது விபத்தில் பேட்டரி அறுந்தாலும் பையை விரிக்கப் போதுமான மின்னாற்றலைச் சேமித்து வைக்கும் உறுப்புகள், சிறிது நேரம் உயிரோடு இருக்கும் என்பதால், நிறுவனம் குறிப்பிட்ட சில நிமிடங்கள் காத்திருந்த பின்பே இணைப்பியைத் தொட வேண்டும், தீமூட்டியின் முனைகளில் சாதாரண மின்னளவியை வைத்துச் சோதிப்பது ஒருபோதும் கூடாது.

சட்டத்தின் பாதுகாப்பு இத்தகைய கார்களை எட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. இந்தியாவில் ஓட்டுநர் காற்றுப்பை 2019 ஜூலையிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது. முன்னிருக்கைப் பயணிக்கான பை 2021இல் தொடங்கிப் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்க உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தும் விதிகளும் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, தவறினால் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளித்தன. ஆனால் அவ்விதிகள் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே பொருந்தும். கலனும் சுருள் பட்டையும் இணைப்பிகளும் தளரத் தொடங்குவதும், முதல் உரிமையாளர் காரை விற்பதும் பெரும்பாலும் அதற்குப் பிந்திய ஆண்டுகளில்தான். சொந்தப் பயன்பாட்டுக் காரின் தகுதியை அரசு மீண்டும் ஆய்வது பதிவைப் புதுப்பிக்கும் பதினைந்தாம் ஆண்டில். இடையே கார் எத்தனை கைகள் மாறினாலும், உரிமை மாற்றத்துக்கான 29, 30 எண்ணுள்ள படிவங்கள் அடிச்சட்ட எண்ணையும் உரிமையாளர் பெயரையும் கடன் நிலுவையையும் கேட்கின்றனவே தவிர, காற்றுப்பைகளைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்பதில்லை. கட்டுப்பாட்டுக் கருவியின் நினைவகத்தைப் படித்த அச்சுத்தாள் ஒன்றை அப்படிவங்களோடு இணைக்க வேண்டும் என்று விதித்தால் விற்பவருக்குக் கூடும் செலவு, அக்கார்களின் ஒரு டயர் விலையைக்கூட எட்டாது.